பொருள்: பனிக்கரடிக் குட்டி – விவரம் கோருதல் – தொடர்பாக

பெறப்படும் ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று வேலை நாட்களுக்குள் ஒப்புதல் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் இறுதிப் பதில் தர இயலாவிட்டால், காரணத்தைக் குறிப்பிட்டு இடைக்காலப் பதிலாவது தர வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகள் நான் பணியாற்றிய அலுவலகத்தின் நடைமுறை விதி இது. இதை மீறியவர்களுக்கு நான் குறிப்பாணை கொடுத்து விளக்கம் கேட்டிருக்கிறேன். அவர்கள் என்னைப் பற்றிக் கழிப்பறைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் தாமதமில்லாமல் நடந்தன.

பூமியின் வடகோடியில் பனிக்கரடிகளை ஆராயும் ஒரு நிறுவனத்தை எங்கள் அலுவலக விதி கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஏழு மாதம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். பதில் வரும்வரை அவளுடைய இருதயம் தாங்குமா என்று கேட்டதற்கு மருத்துவர், "பார்க்கலாம் சார்" என்றார். அலுவலகத்தில் யாராவது அப்படி எழுதிக் கோப்பை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். மருத்துவரிடம் அது முடியவில்லை.

அவள் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சேலையூரில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. கால் வீங்க ஆரம்பித்த பிறகு அவள் படி இறங்குவது ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்றாகிவிட்டது. முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி கைபேசியில்தான் ஊரைப் பார்த்தாள். எங்கள் திருச்சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வசனத்துக்கும், முழங்கால் வலிக்கு வெந்தயம் என்ற வைத்தியத்துக்கும் நடுவே, பிப்ரவரியில் ஒரு நாள், அந்தக் காணொளி வந்து சேர்ந்தது.

காணொளி சொன்ன ஆராய்ச்சி வெளிவந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இணையத்தில் அது சில வருடத்துக்கு ஒரு முறை தூசு தட்டி எடுக்கப்படும் போலிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கைபேசிகளுக்கு அது அன்றுதான் நடந்தது. ஒரு தாய்க் கரடி. கடலில் உறைந்திருந்த பனி உருகிப் பின்வாங்கிவிட்டதால், அடுத்த பனித்திட்டைத் தேடி நாட்கணக்கில் நிற்காமல் நீந்தியிருக்கிறது. கழுத்தில் கட்டியிருந்த கருவி அது போன வழியையெல்லாம் சொன்னது. கிளம்பியபோது கூடவே குட்டி இருந்தது. பிறகு பிடித்துப் பார்த்தபோது இல்லை. இவ்வளவுதான் செய்தி. காணொளியில் இதற்கு வயலினும், அழுவது போன்ற ஒரு பெண்குரலும், 'தாய்ப்பாசம்' என்று சிவப்பு எழுத்தும் சேர்த்திருந்தார்கள். காட்டிய கரடி வேறு கரடி. அது ஏதோ மிருகக்காட்சிச் சாலையில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தது.

"பின்னாடி சுவர் தெரியுது பாருங்க," என்றாள். "அப்புறம் வெள்ளை ரோமம்னு சொல்றான். ரோமத்துக்கு நிறமே கிடையாது. கண்ணாடி மாதிரி. அடியில தோல் கறுப்பு."

இதைக் குழுவிலும் எழுதினாள். ஒன்பது பேர் கைகூப்பினார்கள். ஒருவர் ஆமென் என்றார்.

வழக்கமாக அவள் இத்தோடு விட்டுவிடுவாள். அன்று விடவில்லை. யூடியூபுக்குப் போய் அதே காணொளியின் கீழே கருத்து எழுதும் இடத்தில் ஒரு கேள்வியைப் பதிந்தாள். எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலை காப்பி கொண்டுபோனபோது கைபேசியை என் பக்கம் திருப்பினாள். செம்பருத்திப் பூ படம் போட்ட அவள் கணக்கிலிருந்து இப்படி இருந்தது: 'குட்டி எந்த இடத்தில் போனது என்று தாய்க்குத் தெரிந்திருக்குமா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.'

கீழே விவரம் அறிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒருவர், 'ஆன்ட்டி, கரடிக்கு கூகுள் மேப் இல்ல.' இன்னொருவர், 'நான் நேத்து பேசினேன் மேடம், கரடி ரிங் போகுது எடுக்கல.' மூன்றாமவர் எல்லாமே அமெரிக்காக்காரன் கட்டிவிட்ட கதை, கரடிக்கு நீந்தவே தெரியாது என்று நிறுவியிருந்தார். அதற்கும் கீழே வரிசையாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

"ரிங் போகுதுன்னு எழுதினவன் நல்லா எழுதியிருக்கான் இல்ல," என்றாள். காப்பியைக் குடிக்கவில்லை. டம்ளரை ஓரமாக நகர்த்தி, "ஏங்க, ஆராய்ச்சி பண்ணினவங்களுக்கே எழுதிக் கேட்டா என்ன? ஊர்ல எல்லாருக்கும் நீங்கதானே லெட்டர் எழுதித் தர்றீங்க?"

அது உண்மை. தெருவிளக்கு, குடும்ப ஓய்வூதியம், பட்டாவில் எழுத்துப் பிழை என்று யார் வந்தாலும் எழுதிக் கொடுப்பேன். என் கடிதத்துக்குப் பதில் வராமல் இருந்ததில்லை என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்கே கொஞ்சம் மயக்கம் இருந்தது.

மூன்றாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். மென்பொருள் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. அவளைக் கூப்பிட்டோம். என் மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மூலக் கட்டுரையைத் தேடி எடுத்தாள்.

"அங்கிள், ஈஸி. கீழயே ஆராய்ச்சி பண்ணவங்க மெயில் ஐடி போட்டிருக்கு. இப்பவே அனுப்பிடலாமா? ரெண்டு லைன் சொல்லுங்க."

"அது முறையில்லைம்மா."

"எது?"

"அவங்க ஒரு நிறுவனத்துல வேலை பார்க்கிறவங்க. வெளியிலேர்ந்து கேள்வி வந்தா நிறுவனத் தலைவருக்குத்தான் வரணும். அவர் இவங்களுக்கு அனுப்பி, இவங்க குறிப்பு எழுதி, அவர் ஒப்புதலோட பதில் போகும். நேரா இவங்களுக்கு எழுதினா இவங்களுக்கே சங்கடம்."

"அங்கிள், அங்கெல்லாம் அப்படி கிடையாது."

"எங்கேயும் அப்படித்தான்."

அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி, "விடும்மா. அவர் எழுதினா பக்காவா இருக்கும்," என்றாள். நாற்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் சொன்ன சொல். அதில் கேலி எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

வரைவுக்கு நான்கு நாள் ஆனது. அவள் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். முதல் வரியே, 'எனக்கு ஒரு மகள் இருந்தாள்' என்று சொன்னாள்.

நான் பேனாவை நிறுத்தினேன். முப்பத்து நான்கு ஆண்டுகளாக அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

மகள் ஆறு வயது வரை இருந்தாள். உடம்பில் ரத்தம் ஊறாத நோய். மாதத்துக்கு ஒரு முறை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்ற வேண்டும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். பெரும்பாலும் இருவரும் போவோம். அந்த மாதம் எங்கள் அலுவலகத்தில் தணிக்கைக் குழு வந்திருந்தது. எனக்கு விடுப்பு இருப்பில் இருந்தது, கேட்டால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அவள் தனியாகப் போனாள். பல்லாவரத்தில் குழந்தை தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறாள். பிறகு அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழும்பூரில் இறங்கி, தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, அட்டையைக் காட்டியிருக்கிறாள். நர்ஸ்தான் குழந்தையை வாங்கிப் பார்த்துவிட்டு இவளை உட்காரச் சொன்னார்.

தொலைபேசியில் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தேன். போனதும் என்ன செய்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. படிவங்களைக் கேட்டு வாங்கினேன். வழியிலேயே இறந்தது என்று எழுதினால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், குழந்தையைத் தர ஒரு நாள் ஆகும். ஆகவே பணியிலிருந்த மருத்துவரிடம் பேசி, இறந்த இடம் மருத்துவமனை என்றும், நேரம் அவர் பார்த்த நேரம் என்றும் எழுத வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கூட வந்த சக ஊழியர், "சார் இருந்ததால ஆச்சு," என்றார். அந்தச் சொல் எனக்கு அன்று ஆறுதலாக இருந்ததை மறைக்க முடியாது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றுதான் சொன்னாள். "ரயில்ல எங்கன்னு தெரியலங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? ஃபார்ம்ல ஆஸ்பத்திரின்னு போட்டாச்சு," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஓய்வு பெறும் நாள் வரை பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனாள், ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் நின்றுகொண்டே. சீசன் டிக்கெட்டின் வசதிகளை நான் வருடா வருடம் ஜூன் மாதம் அவளுக்கு விளக்கிவந்தேன்.

ஆக, 'எனக்கு ஒரு மகள் இருந்தாள்' என்று அவள் சொன்னபோது எனக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். புரியத்தான் செய்தது. புரிந்ததால்தான் கை வேறு பக்கம் போனது. தனிப்பட்ட விவரங்கள் கேட்கும் பொருளுக்குத் தொடர்பில்லாதவை, கடிதத்தின் கனத்தைக் குறைத்துவிடும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அடிச்சுடுங்க," என்றாள். "உங்களுக்குத்தான் தெரியும்."

அந்த வரியையும், தொடர்ந்து ரயிலைப் பற்றி அவள் சொன்ன வரிகளையும் அடித்தேன். மிஞ்சியது ஒரு முழுப் பக்கம். பொருள், பார்வை, உள்ளடக்கம், இணைப்பு ஒன்று. நிறுவனத் தலைவர் அவர்களுக்கு, பணிவுடன். நகல் கோப்புக்கு.

தபால் நிலையக் கவுன்டரில் இருந்த பெண் உறையின் முகவரியை இரண்டு முறை படித்தார். "சார், இவ்ளோ தூரத்துக்கு இன்னா சார் அனுப்பறீங்க? டாக்குமென்ட்டா?"

"விசாரணைக் கடிதம்."

"மெயில் போட்டா ஆவாதா சார்?"

"ஒப்புகை அட்டை வருமா வராதா?"

"வரும் சார், வரும். கோச்சுக்காதீங்க."

அட்டை வந்தது, ஏழு வாரம் கழித்து. புரியாத கையெழுத்து, ஒரு முத்திரை. அன்று நான் ஜெயித்தவனைப் போல மாடி ஏறினேன். அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அவள் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். "அங்க இது போயிருக்கு இல்ல," என்றாள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒன்றும் வரவில்லை. முப்பதாம் நாள் நினைவூட்டு ஒன்று. அடுத்த முப்பதாம் நாள் நினைவூட்டு இரண்டு, முந்தைய கடிதங்களின் நகலுடன். தபால்காரர் தெருவில் என்னைக் கண்டாலே வண்டியை மெதுவாக்குவார்.

"இன்னா சார், கரடி லெட்டர் போட்டுச்சா?"

"நீதான்யா சொல்லணும்."

"வந்தா மேல ஏறி வந்து குடுப்பேன் சார். அக்காவாண்டயே குடுத்துடறேன். ஒண்ணும் பேஜார் ஆவாதீங்க."

அவள் தினமும் கேட்கமாட்டாள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை, மாத்திரை கொடுக்கும்போது, சாதாரணமாக, "வந்துச்சாங்க?" என்பாள். "நினைவூட்டு போயிருக்கு," என்பேன். "ம்." ஆகஸ்டில் அவளுக்குப் பேசும்போதே மூச்சு வாங்கியது. கேள்வி "வந்துச்சா" என்று சுருங்கியது. செப்டம்பரில் புருவத்தை மட்டும் உயர்த்துவாள். நானும் தலையை மட்டும் ஆட்டுவேன். அந்த வாரங்களில் மூன்றாம் மாடிக்குப் போய் அந்த மின்னஞ்சல் முகவரியைக் கேட்கலாம் என்று ஒரு முறை தோன்றியது. பதினேழு படிதான். நினைவூட்டு மூன்று நிலுவையில் இருக்கும்போது வேறு வழியில் எழுதினால் முதல் கடிதம் வலுவிழந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது படிக்க எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

அக்டோபரில் ஒரு காலை அவளுக்கு மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் நாற்காலியில் வைத்து அவளை இறக்கினார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே வெயில் நன்றாக ஏறியிருந்தது. தாம்பரம் தாண்டியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கேட்டாள். குனிந்தேன்.

"எங்க வந்திருக்கோம்?"

"சானடோரியம்."

கொஞ்ச தூரம் போனது. மணிக்கட்டை அழுத்தினாள். "இப்ப?"

"குரோம்பேட்டை. இதோ உன் ஸ்கூலுக்குத் திரும்புற ரோடு."

தலையசைத்தாள். மறுபடி அழுத்தினாள்.

"பல்லாவரம்," என்றேன். "சிக்னல்ல நிக்குறோம். இப்ப விட்டுட்டான்."

அதன் பிறகு அவள் அழுத்தவில்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன். திரிசூலம். ஏர்போர்ட். மீனம்பாக்கம். கூட இருந்த ஆம்புலன்ஸ் ஊழியர் மானிட்டரைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "சார். போதும் சார்."

எனக்கு இடம் தெரியும். பல்லாவரம் தாண்டி, வலது பக்கம் திரிசூலம் மலை தெரிய ஆரம்பிக்கும் இடம். அங்கேதான் என் கையிலிருந்து அவள் கை தளர்ந்தது. ஆஸ்பத்திரியில் கவுன்டரில் இருந்தவர் படிவத்தை நிரப்பும்போது நான் இதைச் சொன்னேன். "சார், நாங்க டாக்டர் பார்த்த டைம்தான் போட முடியும்," என்றார், மரியாதையாகத்தான். "தெரியும்," என்றேன். கையெழுத்துப் போட்டேன். எழுதிக்கொள்ள வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்து, உறவினர்கள் போய், மூன்றாம் மாடிப் பெண் தினமும் ஒரு பாத்திரத்தில் ரசம் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்த நாட்களில், வங்கிக் கணக்குக்காக மனைவியின் கைபேசியைத் திறக்க வேண்டியிருந்தது. யூடியூப் அறிவிப்பு ஒன்று நின்றிருந்தது. தொட்டதும் அவளுடைய பழைய கேள்வி வந்தது. கரடி ரிங் போகுது என்றவருக்கு, கடிதத்தைத் தபாலில் சேர்த்த அன்றே அவள் பதில் எழுதியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை.

'என் கணவர் அவர்களுக்கு முறைப்படி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் எழுதினால் பதில் கட்டாயம் வரும். வந்ததும் இங்கே சொல்கிறேன் தம்பி.'

அந்தத் தம்பி இப்போதுதான், எட்டு மாதம் கழித்து, கேட்டிருந்தார். 'பதில் வந்துச்சா மேடம்? நிஜமாவே கேக்குறேன்.'

கைபேசியோடு பதினேழு படி ஏறினேன். கதவைத் திறந்த பெண்ணிடம், "அந்த மெயில் ஐடி இன்னும் இருக்குமாம்மா?" என்றேன்.

அவள் கணினியைத் திறந்தாள். நான் பழைய வரைவை எடுத்துப்போயிருந்தேன், அடித்த வரிகளோடு. அடித்ததைத்தான் படித்தேன். எனக்கு ஒரு மகள் இருந்தாள், தனியாக ரயிலில் போனபோது என் தோளில் இருந்தாள், எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவில்லை, உங்கள் கரடிக்குத் தெரிந்திருக்குமா என்று அறிய விரும்புகிறேன். முன்பு தபாலில் எழுதியதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அங்கிள், இது ஆன்ட்டி கேக்கிற மாதிரி இருக்கு. மாத்தி..."

"அப்படியே இருக்கட்டும்மா."

"கீழ ஆன்ட்டி பேர் போடவா?"

"போடு."

அனுப்பினாள். காலை பதினோரு மணி, திங்கட்கிழமை. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் அங்கிள் என்றாள்.

பதில் எழுதியவரும் ஒரு பெண். எங்கள் கடிதம் எதுவும் தன் மேசைக்கு வரவில்லை, வந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன் என்று சொல்லியிருந்தார். கருவி தாயின் கழுத்தில் மட்டும்தான் இருந்தது. குட்டி எங்கே, எப்போது பிரிந்தது என்று தங்களில் யாருக்கும் தெரியாது, கடலிலா பனியிலா என்றுகூடத் தெரியாது, இணையத்தில் சொல்பவர்களுக்கும் தெரியாது. தாய்க்குத் தெரிந்திருக்குமா என்று தன்னால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு கருவிகளை வைத்துக்கொண்டும் தாங்கள் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை, ரயிலில் தனியாகப் போன ஒரு தாய் கவனிக்காமல் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். மகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. முடிந்தால் மகளின் பெயரையும் எழுத முடியுமா என்று என் மனைவியைக் கேட்டிருந்தார்.

அந்தப் பதில் வந்தது மறுநாள் காலை, நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.